சலித்துப்போன குதிரையைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

ஒரே மூலையில், ஒரே வட்டத்தில், இடப்புறமாகவே முக்கால் மணி நேரம் ஒரு பெண் குதிரையைச் சுற்றவைத்துவிட்டு, அவள் நின்றவுடன், "இது சோம்பேறிக் குதிரை மேடம், ரெண்டு போட்டாத்தான் நகரும்" என்று சொல்லும் பயிற்றுநர்களை இனியும் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது. இன்று காலை அந்தச் சொற்களைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை. லாயத்தில் குதிரை விட்டிருக்கும் எவருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. குதிரையின் பெயரும் பயிற்றுநரின் தொப்பியும்தான் மாறும்.

முன்பு பந்தயம் ஓடிய என் குதிரை இன்று திடலுக்குள் வரும்போது எப்படி வந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காதுகள் இரண்டும் முன்னால் நிமிர்ந்திருந்தன, கழுத்து நீண்டு தளர்ந்திருந்தது, நடையில் வீச்சு இருந்தது. திடலின் ஓரங்களில் இடத்தைக் குறிக்க வைத்திருக்கும் எழுத்துப் பலகைகளில் 'சி' இருக்கும் பக்கத்தில் 20 மீட்டர் வட்டம் தொடங்கியது. முதல் சில சுற்றுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஒரு காது பக்கவாட்டில் சாய்ந்தது. சிறிது நேரத்தில் மற்றக் காதும் சாய்ந்தது. வாலை ஒரு முறை வீசினாள். வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கமாகத் தோளைச் சரித்தாள். ட்ராட் என்னும் மிதமான ஓட்டத்தில் அடி குறுகியது. இவை ஒவ்வொன்றும் அவள் பேசிய பேச்சு. அவை ஒவ்வொன்றுக்கும் அவளுக்குக் கிடைத்த பதில் விலாவில் ஒரு குதிகால் உதை. வேலியோரம் நின்ற, குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் அவள் காதைப் பார்த்தே, "பாப்பா சலிச்சுப் போயிடுச்சு, கொஞ்சம் நடக்க விடுங்க சார்" என்றார். அவரை வாயை மூடச் சொன்னார் பயிற்றுநர். பிறந்தது முதல் குதிரைகளோடு வாழ்ந்துவரும் மனிதரைப் பார்த்து அப்படிச் சொன்னார்!

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவ்வளவு சலிப்புக்கு நடுவிலும், நடையிலிருந்து நேராக, ட்ராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டத்துக்குப் போகச் சொன்னபோது, அவள் தலையைத் தூக்காமல், முதுகை உயர்த்தி, சரியான காலை முன்வைத்து எழுந்தாள். பல வாரங்களாக நாங்கள் எதற்காகக் காத்திருந்தோமோ அதை அப்படியே கொடுத்தாள். குதிரையை அறிந்த யாராக இருந்தாலும் அந்த நொடியில் கடிவாள வாரை நீளமாக விட்டு, கழுத்தைத் தடவி, இறங்கி, சேணத்தின் வாரைத் தளர்த்தி, வெளியே நடத்திக்கொண்டு போயிருப்பார்கள். இவர் "குட், அகெய்ன்" என்றார். அவள் மீண்டும் செய்தாள். "அகெய்ன்." மூன்றாவது முறை சற்றுத் தாமதித்தாள். "அகெய்ன்." அதற்கடுத்த முறை தலையைத் தூக்கிக்கொண்டு ட்ராட்டில் ஓடினாள். அதற்காக உதை வாங்கினாள். சரியாகச் செய்தால் அதே வேலை மறுபடியும் தலையில் விழுகிறது, தவறாகச் செய்தால் உதை விழுகிறது என்றால், ஓர் உயிர் எதற்காக முயல வேண்டும்? அவள் நின்றுவிட்டாள். நான் அவளாக இருந்திருந்தால் அதற்கு வெகுநேரம் முன்பே நின்றிருப்பேன். சவுக்கு ஓங்கியபோது உள்ளே ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டேன். வாடிக்கையாளர் திடலுக்குள் வரக்கூடாது என்ற விதி எனக்கு அப்போது நினைவூட்டப்பட்டது.

குதிரைக்குப் பாடம் எப்படிப் புரிகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. காலால் அழுத்துகிறோம், அவள் முன்னே நகர்ந்த கணத்தில் அழுத்தத்தை நிறுத்துகிறோம். அந்த நிறுத்தம்தான் அவளுக்குச் சொல்லப்படும் "சரி". மேலே ஓர் ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து விரட்டக்கூடிய விலங்கு அது. அதன் விலாவில், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஓர் உதை விழுந்துகொண்டே இருந்தால், அந்த உதைக்குப் பொருள் எதுவும் இல்லை என்று கற்றுக்கொள்கிறது. காலுக்கு மரத்துப்போன குதிரைகளை நாம் இப்படித்தான் உருவாக்குகிறோம்; பிறகு அவற்றைக் குத்துவதற்குக் குதிகாலில் மாட்டும் முள்சக்கரம் தேடுகிறோம். நாள் தவறாமல் திருப்பித் திருப்பிச் செய்யவைப்பதுதான் கல்வி என்ற எண்ணமும் தவறு. 1980-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் பழக்கப்பட்ட போனி என்னும் சிறு இனக் குதிரைகள், தினமும் பழக்கப்பட்டவற்றைவிடக் குறைந்த வகுப்புகளிலேயே பாடத்தைக் கற்றுக்கொண்டன. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குதிரைக் கலையைக் காத்துவரும் வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல், தன் வெள்ளைக் குதிரைகளைக் கோடையில் நகரத்தை விட்டு ஹெல்டன்பெர்க் என்ற நாட்டுப்புற ஊருக்கு அழைத்துச் சென்று ஓய்வு தருகிறது. காற்றில் எழும்பிக் குதிக்கக் கற்ற அந்தக் குதிரைகளுக்கே மாற்றம் தேவைப்படுகிறது. எங்கள் திடலில் வட்டம் சுற்றுபவளுக்கு மட்டும் தேவையில்லையாம்.

அவளுடைய நாள் முழுவதையும் எண்ணிப் பாருங்கள். இயற்கையில் விடப்பட்ட குதிரை நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் நடந்துகொண்டே மேய்கிறது. அதன் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கிறது; அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. பந்தயத்திலிருந்து வந்த குதிரைகளுக்கு வயிற்றுப்புண் அவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட விலங்கை, காலையில் கொஞ்சம் கொள்ளு, மாலையில் ஒரு கட்டுப் புல் என்று கொடுத்து நாலு சுவருக்குள் அடைத்து வைக்கிறோம். சில குதிரைகள் கதவை நோக்கி இடமும் வலமும் ஆடிக்கொண்டே நிற்கின்றன. சில மரச்சட்டத்தைப் பல்லால் பற்றிக் காற்றை உறிஞ்சுகின்றன. அந்த அடைப்பிலிருந்து அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். அதையும் ஒரு வட்டத்துக்குள் அடைத்துவிட்டு, ஆர்வம் இல்லை என்று அவள்மீதே பழி போடுகிறார்கள். வயிற்றுவலியா, சேணம் தோளை அழுத்துகிறதா, பல் கூர்ந்து கன்னத்தைக் கிழிக்கிறதா என்று பார்க்க மருத்துவரை அழைத்துவந்தவள் நான்; எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகும் பயிற்றுநரின் வழிமுறையில் ஓர் அணுவும் மாறவில்லை.

மாற்றுவதற்கு என்ன செலவாகும்? தரையில் நாலு கழிகளை 1.2 முதல் 1.4 மீட்டர் இடைவெளியில் போட்டால் போதும். ட்ராட்டில் அவற்றைத் தாண்டும்போது ஒவ்வொரு காலையும் எங்கே வைப்பது என்று அவளே யோசிக்க வேண்டியிருக்கும், முதுகும் தானாக வேலை செய்யும். கேட்டேன். "அதெல்லாம் ஜம்பிங் குதிரைக்கு மேடம்" என்ற பதில் வந்தது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை திசையை மாற்றி, வாரைத் தளர்த்தி நடக்கவிடச் சொன்னேன். நேரம் வீணாகுமாம். நன்றாகச் செய்ததும் பிடரி முடியும் இடத்தில், தோளுக்கு மேல் எழும்பியிருக்கும் மேட்டருகே சொறிந்துவிடச் சொன்னேன். அந்த இடத்தைச் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு தணிகிறது என்று 1993-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. இவர்கள் கழுத்தில் பளாரென்று தட்டுவதோடு சரி. பின்னால் இருக்கும் சவுக்குத் தோப்பு வழியாக வாரத்தில் இரண்டு நாள் வெளியே கூட்டிப் போகலாமா என்று கேட்டதற்கு, "வெளியே போனா மிரண்டுடும்" என்றார்கள். ஆயிரக்கணக்கானோரின் கூச்சலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே பந்தயம் ஓடியவள் அவள்! நான் ஒரு முறை கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தோப்புக்குள் நடந்தபோது, சருகை முகர்ந்து முகர்ந்து, கால் எட்டிப்போட்டு, என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் குதிரையைத்தான் சோம்பேறி என்கிறார்கள்.

என் குதிரைக்காவது கேட்க நான் ஒருத்தி இருக்கிறேன். ஒரு நாளைக்கு வகுப்பு மாற்றி வகுப்பாக, புதிதாக ஏறும் குழந்தைகள் வாரைப் பிடித்துத் தொங்க, அதே தடத்தில் சுற்றும் பள்ளிக் குதிரைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அவை காதை அசைப்பதையே நிறுத்திவிட்டன. அவற்றைத்தான் "ரொம்ப சாதுவான குதிரை" என்று பெற்றோரிடம் காட்டுகிறார்கள்.

இதில் அந்தத் திடலின் நிலைமை வேறு. வட்டம் சுற்றிச் சுற்றி, மணல் இரு பக்கமும் ஒதுங்கி, நடுவில் அடித்தரை கல்லாகத் தெரிகிறது. அந்தத் தடத்தில்தான் அவளுடைய குளம்பும் மூட்டும் தினமும் அடிபடுகின்றன. மணலைச் சமன்படுத்தும் பலகையும் அதை இழுக்கும் டிராக்டரும் வேலியோரத்திலேயே நிற்கின்றன. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அந்தப் பலகை மண்ணைத் தொட்டு நான் பார்க்கவில்லை. மாத ரசீதில் மட்டும் "திடல் பராமரிப்பு" என்று தனியாக ஒரு தொகை போட்டு, ஐந்தாம் தேதிக்குள் கட்டச் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள்.