பொங்காத மாவு

மதுரையிலிருந்து ஊட்டிக்குக் குடிவந்து ஏழு வருஷமாகிறது. குளிருக்குப் பழகிவிட்டேன், மேட்டுக்கும் பழகிவிட்டேன். இந்த இட்லி மாவுக்குத்தான் இன்னும் பழக முடியவில்லை.

ஊரில் ராத்திரி ஆட்டி வைத்தால் விடிவதற்குள் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்து நிற்கும். இங்கே உறைபனிக் காலத்தில் ரெண்டு நாள் ஆனாலும் ஊற்றின மட்டத்திலேயே அசையாமல் கிடக்கிறது. வெந்தயம் கூட்டிப் போட்டேன். கையாலேயே கரைத்தேன். பழைய கம்பளியைச் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் ஒரு குமிழிகூட இல்லை, பச்சை உளுந்து வாசம்தான். அதை ஊற்றினால் இட்லியா வரும்? தட்டையாக, கல் மாதிரி.

சோறு, பருப்பு கதையும் இதுதான். 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, சட்டியில் வைத்தால் பருப்பு லேசில் வேகாது. சரி, அதற்குக் குக்கர் இருக்கிறது. மாவுக்கு என்ன இருக்கிறது?

மார்க்கெட்டில் இன்னும் "சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்கிறார்கள். ரேஷன் கார்டு இந்த ஊர்தான், பையன் பிறந்ததும் இங்கேதான். ஆனால் புசுபுசுவென்ற இட்லி என்றால் அவனுக்கு அது அம்மாச்சி வீட்டுப் பண்டம். என் வீட்டுப் பண்டமாகவும் அது இருக்க வேண்டும். அதுதான் என் ஆத்திரமெல்லாம்.

இன்றைக்கும் உளுந்து ஊறுகிறது.