கதைசொல்லியை மேடையிலிருந்து இறக்கிவிடாதீர்கள்

சிறுகதைகளை மேடையில் நிகழ்த்தும் தன்னார்வ நாடகக் குழுக்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு தரப்பினரின் முணுமுணுப்பு காதில் விழும். "இது நாடகமே அல்ல, நின்றுகொண்டு வாசிக்கிறார்கள்" என்பார்கள் நாடகக்காரர்கள். "தனிமையில் படிக்க வேண்டியதைக் கூட்டத்தில் வைத்துக் கெடுக்கிறார்கள்" என்பார்கள் இலக்கிய வாசகர்கள். இந்த இரு தரப்பையும் சமாதானப்படுத்த நினைத்துப் பல குழுக்கள் கதையிலுள்ள உரையாடல்களை மட்டும் பொறுக்கியெடுத்து, வருணனைகளை வெட்டி, எஞ்சியதைக் காட்சிகளாக அடுக்கி, ஒரு குட்டி நாடகமாக ஆக்கிவிடுகின்றன. நாடகமாகவும் தேறாமல் கதையாகவும் மிஞ்சாமல் போகும் இந்த வழியைத்தான் நான் மறுக்கிறேன். கதையைக் கதையாகவே, கதைசொல்லியின் வாக்கியங்களோடு சேர்த்தே மேடையேற்ற வேண்டும் என்பது என் கட்சி.

சிறுகதையில் பாத்திரங்கள் பேசுவது குறைவு. பேசாமல் விடுவதே அதிகம். "அவள் அதை அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை" என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதை நடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். ஒருத்தி வாய்மூடி நிற்பதைக் காட்டலாம். ஆனால் அவளிடம் சொல்ல ஒன்று இருந்தது, அதைச் சொல்ல வாய்ப்பும் இருந்தது, அப்படியும் அவள் சொல்லாமல் விட்டாள் என்ற மூன்றையும் உடல்மொழியால் மட்டும் உணர்த்துவது பெரிய நடிகருக்கே கடினம். நடக்காததை மேடை காட்டாது. கதைசொல்லி ஒரு வரியில் சொல்லிவிடுவார். அதேபோல "அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர்கள் சந்திக்கவேயில்லை" என்ற வரிக்கு விளக்கை அணைத்து ஏற்றி, தலையில் நரை பூசிக்கொண்டு வர வேண்டியதில்லை. அந்த வரியைச் சொன்னாலே போதும், பார்வையாளர் மனத்தில் அந்த ஆண்டுகள் கடந்துவிடும். இப்படிப்பட்ட வரிகளை வெட்டி எறிந்துவிட்டு உரையாடலை மட்டும் நம்பினால், கதையின் நிகழ்ச்சிகள் மேடைக்கு வரும், கதை வராது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிரீன் என்ற பேராசிரியர் 'சேம்பர் தியேட்டர்' என்ற முறையை வளர்த்தெடுத்தபோது, கதையின் படர்க்கை வாக்கியங்களையும் இறந்தகாலத்தையும் மாற்றாமல், கதைசொல்லியையும் ஒரு நடிகராக மேடையில் நிறுத்தினார். இந்தியாவில் 1975இல் நாடக இயக்குநர் தேவேந்திர ராஜ் அங்குர், இந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மாவின் மூன்று கதைகளை நாடகப் பிரதியாக மாற்றாமல் அப்படியே மேடையேற்றினார். 'கஹானி கா ரங்மஞ்ச்' (கதையின் அரங்கம்) என்று அறியப்படும் அந்தப் பாணி அதன்பின் இந்தி நாடக உலகில் தனி வகையாகவே நிலைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1993இல் தொடங்கிய 'வேர்ட் ஃபார் வேர்ட்' குழு பெயருக்கேற்ப ஒரு சொல்லையும் விடுவதில்லை. 'என்றான்', 'என்றாள்' என்பவைகூட நடிகர்களின் வாயிலிருந்து வரும். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பாத்திரம் ஆத்திரத்தோடு கத்திவிட்டு, அதே மூச்சில் தானே நிதானமாக "என்று கத்தினான்" என்று சொல்லும்போது கோபமும் அந்தக் கோபத்தின் மீதான எழுத்தாளரின் பார்வையும் ஒருசேர வெளிப்படுகின்றன. சாதாரண நாடகத்தில் இந்த இரட்டைப் பார்வைக்கு இடமே கிடையாது.

தமிழில் இந்த முறைக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் சிறுகதைகள் பலவற்றில் கதைசொல்லி எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் பேச்சுத் தமிழிலும் இருப்பார்கள். மேடையில் நிற்கும் ஒரே நடிகர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது, இப்போது பேசுவது யார் என்று பார்வையாளருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை, மொழியே காட்டிக்கொடுத்துவிடும். அப்படியிருக்க, மேடையில் இயல்பாக இருக்க வேண்டும் என்ற பெயரில் விவரிப்பையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிவிடும் குழுக்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கைக்கு வந்த கருவியைத் தாங்களே மழுங்கடித்துக்கொள்கிறார்கள்.

சரி, எந்த வரியை யார் சொல்வது? ஒத்திகையின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. "வீடு அன்று வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது" என்ற வரியைக் கதைசொல்லி சொன்னால் அது ஒரு தகவல். ஊரிலிருந்து திரும்பிய மகன் சொன்னால் அது அவன் மனத்தின் குறுகல். வாசலில் நின்று வரவேற்கும் தாய் சொன்னால், மகனின் கண்ணால் தன் வீட்டைப் பார்த்துக் கூசிப்போன ஒருத்தியின் வலி. வரி ஒன்றுதான், கதை மூன்று. இதை முடிவு செய்ய ஒரு மாலை முழுவதும் சண்டை போடும் குழுவை நான் மதிக்கிறேன். வரிகளைப் பக்கவாரியாகப் பங்கிட்டு, 'இது உனக்கு, அது எனக்கு' என்று பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளும் குழு கதையை இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று பொருள்.

இங்கேதான் தொழில்முறைக் குழுக்களைவிட, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கூடுகிறவர்களின் கை ஓங்குகிறது. அவர்களிடம் அரங்கப் பொருள்களுக்குப் பணம் இருக்காது. கதைக்கும் அவை தேவையில்லை. இரண்டு நாற்காலியும் தெளிவாக ஒலிக்கும் குரல்களும் போதும். பல வயதினரும் பல தொழிலினரும் குழுவில் இருப்பதால், முதியவரின் வரியை முதியவரே சொல்ல முடிகிறது. பயிற்சி பெற்ற குரலில் கிடைக்காத ஒரு நம்பகத்தன்மை அதில் வந்துவிடுகிறது. தாளைப் பார்த்து வாசிப்பதா, மனப்பாடம் செய்வதா என்ற விவாதத்தை நான் பெரிதாக நினைப்பதில்லை. தாள் கையில் இருக்கலாம், கண் அதில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பின்னணி இசைதான் பெருங்கேடு. சோகமான வரிக்கு முன்பே புல்லாங்குழல் அழத் தொடங்கினால், பிறகு அந்த வரிக்கு என்ன வேலை?

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது நீளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இடைவெளிகளும் அசைவுகளும் சேர்ந்தால் மேடையில் நிமிடத்துக்கு நூறு சொற்களைத் தாண்டுவது கடினம். இரண்டாயிரம் சொற்கள் கொண்ட கதை இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரு மாலைக்கு இப்படி மூன்று கதைகள் போதும். ஐந்தாறு கதைகளை அடைத்துவைத்தால் நான்காவது கதையின் எழுத்தாளருக்குத்தான் அநியாயம். புகழ்பெற்ற கதையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையில் பார்வையாளர் நடிப்பை மட்டும் எடைபோட ஆரம்பித்துவிடுவார்.

கடைசியாக, பல குழுக்கள் வசதியாக மறந்துவிடும் ஒரு விஷயம், உரிமை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரையிலும், பல நாடுகளில் எழுபது ஆண்டுகள் வரையிலும் படைப்பின் உரிமை நீடிக்கிறது. புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியதாலேயே அதை மேடையேற்றும் உரிமை நம் கைக்கு வந்துவிடாது. எழுத்தாளருக்கோ அவருடைய வாரிசுக்கோ ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை என்று அந்தக் கடிதத்தில் எழுத முடிந்தால் சம்மதம் கிடைப்பதும் எளிது. எழுத்தாளர் நம்மிடையே இருந்தால் அரங்கேற்றத்துக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஒத்திகைக்கு மட்டும் அழைத்துவிடாதீர்கள். வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் அவரே கதையைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்.