தளபதியிடம் கேள்வி கேட்பது தலையீடு ஆகாது

நெருக்கடிக் காலத்தில் அமைச்சர்கள் கொள்கையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், கடலில் நடப்பதைத் தளபதிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நண்பர்கள் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1962 அக்டோபர் 24 இரவு, கியூபாவுக்குச் சோவியத் ஏவுகணைகள் போவதைத் தடுக்க அமெரிக்கா அந்தத் தீவைச் சுற்றி விதித்த கடல் தடை நடைமுறைக்கு வந்த அன்றே, அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் (நம் அமைச்சருக்கு நிகரானவர்) ராபர்ட் மெக்நமாரா, பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனிலுள்ள கடற்படைக் கட்டுப்பாட்டு அறைக்கு நேரில் சென்றார். முதல் சோவியத் கப்பலை எப்படி நிறுத்துவீர்கள், ரஷ்ய மொழி தெரிந்தவர் நம் கப்பலில் இருக்கிறாரா, நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கடற்படைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் ஆண்டர்சனைத் துருவித் துருவிக் கேட்டார். ஆண்டர்சனுக்குப் பொறுக்கவில்லை, விதிநூலைக் காட்டி, எல்லாம் இதில் இருக்கிறது என்றார். (பேசிய சொற்கள் பலவிதமாகச் சொல்லப்படுகின்றன, மோதல் நடந்ததில் ஐயமில்லை.) அனுமதியின்றி ஒரு குண்டும் சுடக் கூடாது என்று மெக்நமாரா கண்டிப்பாகச் சொன்னார்.

கரையில் இருப்பவரின் கட்டளையால் மாலுமிகளின் உயிருக்கு ஆபத்து வரலாம் என்ற ஆண்டர்சனின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தடையின் நோக்கம் சோவியத் தலைவர் குருஷேவைப் பின்வாங்க வைப்பது, கப்பலை மூழ்கடிப்பதன்று. அங்கே சுடப்படும் ஒவ்வொரு குண்டும் அரசியல் முடிவுதான்.

கடலறிந்தவர்களைக் கேள்வி கேட்கலாகாது என்ற வாதம் எங்கள் குமரி மாவட்டத்தில் எடுபடாது. 2017இல் ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் சிக்கியபோது, தேடும் கப்பல்கள் எவ்வளவு தூரம் போகின்றன, எங்கள் ஆட்களையும் ஏற்றிச் செல்லக் கூடாதா என்று கரையில் நின்றவர்கள் கேட்டார்கள். குழித்துறையில் ரயில் பாதையில் அமர்ந்தும் கேட்டார்கள். அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயம். நீரோட்டம் படகை எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள்.

மீண்டும் கியூபாவுக்கு வருகிறேன். 1962 அக்டோபர் 27 அன்று அமெரிக்கக் கப்பல்கள் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவைக்கப் பயிற்சிக் குண்டுகளைப் போட்டன. அதனுள் அணுமுனை கொண்ட டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) ஒன்று இருந்தது அவர்களுக்குத் தெரியாது. வாசிலி ஆர்கிப்போவ் என்ற அதிகாரி தடுத்ததால்தான் அது ஏவப்படவில்லை என்பது உடனிருந்தவர் ஒருவரின் சாட்சியம். அந்தக் குண்டுகள் எச்சரிக்கை மட்டுமே என்ற அறிவிப்பை வாஷிங்டன் முன்பே மாஸ்கோவுக்கு அனுப்பியிருந்தது. நீர்மூழ்கித் தலைவர்களோ தங்களுக்கு அது கிடைக்கவே இல்லை என்று பின்னாளில் கூறினார்கள். குண்டு போட்டு மேலே வரவைக்கும் அந்த நடைமுறையை மெக்நமாராவும் ஏற்றிருந்தார். அவர் தளபதியை அளவுக்கு மீறிக் கேட்டார் என்று நான் குறை கூற மாட்டேன். அந்த அறிவிப்பு கடலுக்கடியில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை உறுதிசெய்யாமல் விட்டாரே, அதற்காகத்தான் குறை கூறுவேன்.