மழைக்கு ஒரு பாட்டில், வெயிலுக்கு ஒரு பாட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கால்பந்து மைதானத்தில், கோல் கம்பத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பையனின் உள்ளங்காலிலிருந்து கண்ணாடிச் சில்லைப் பிடுங்கினேன். பழுப்பு நிறம். மது பாட்டிலின் கழுத்துப் பகுதி, மூடி திருகுகிற வரிகூட அழியாமல் இருந்தது. தேய்ந்துபோன ஷூவின் அடியைக் கிழித்துக்கொண்டு ஏறியிருக்கிறது. பதினாலு வயதுப் பையன். அழவில்லை. "அடுத்த மேட்ச் ஆடலாமாண்ணே?" என்றுதான் கேட்டான். எனக்குத்தான் தொண்டை அடைத்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பாட்டிலை உடைத்தது யார் என்று எனக்குத் தெரியும். என்னோடு ஒரே அணியில் ஆடுகிறவன். போன வாரம் தோற்ற ஆத்திரத்தில் கம்பத்தில் வீசியடித்தான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சின்ன ஊரில் இருப்பது ஒரே ஒரு மைதானம், ஒரே ஒரு அணி. பெருநகரத்தில் இருப்பவன் இது சரிப்படவில்லை என்றால் வேறு அணிக்குப் போய்விடலாம். இங்கே பதினோரு பேரைச் சேர்ப்பதற்குள் உயிர் போகிறது. இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் அந்த வாரம் ஆட்டம் கிடையாது. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் கடைசி விசில் அடங்குவதற்குள் பாட்டில் பை திறக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை.

காரணமும் தயாராக இருக்கும், பருவத்துக்கு ஒன்று. மழை பெய்தால் "ஆட்டந்தான் இல்லையே, சும்மா உக்காந்து என்ன பண்றது?" குளிர் வந்தால் "உடம்பு சூடாகும் மச்சான்." வெயில் வந்தால் "பீர்தானே, தண்ணி மாதிரி." வெயிலும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இதமாக இருந்தால் "இந்தக் கிளைமேட்டுக்குக் குடிக்கலன்னா எப்படி?" ஜெயித்தால் கொண்டாட்டம், தோற்றால் ஆறுதல். பன்னிரண்டு மாதத்தில் ஒரு ஞாயிறுகூட மிச்சமில்லை.

இதில் ஒரு காரணமாவது உண்மையா? குளிரில் குடித்தால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரியும், முகமும் கையும் கதகதப்பாகத் தெரியும். ஆனால் அது உடம்புக்குள் இருந்த சூடு, தோல் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. சூட்டைக் காப்பாற்ற உடம்பு நடுங்குமே, அந்த நடுக்கத்தையும் மது மட்டுப்படுத்தும். வெயில் கதையும் இப்படித்தான். நீரை வெளியே விடாமல் சேமிக்கச் சொல்லிச் சிறுநீரகத்துக்குத் தகவல் கொடுப்பது வாசோபிரஸின் என்ற ஹார்மோன். மது அதை அடக்கிவிடும். தொண்ணூறு நிமிடம் ஓடி வியர்த்துக் காய்ந்த உடம்பிலிருந்து இன்னும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிற வேலை இது.

"அசதிக்குத்தான்" என்கிறவர்களுக்கும் சொல்கிறேன். 2014-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், கடும் உடற்பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு மது கொடுத்துச் சோதித்தார்கள். அடிபட்ட தசையைச் சரிக்கட்ட உடம்பு புதுப் புரதம் கட்டுகிறதே, அந்த வேலை புரதச் சத்தோடு சேர்த்துக் குடித்தவர்களுக்கே 24 சதவீதம் குறைந்தது. மாவுச்சத்தோடு குடித்தபோது 37 சதவீதம். கொடுத்த அளவு பெரியதுதான். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை குடிப்பது மட்டும் சின்ன அளவா? காற்றாய்ப் பறந்துகொண்டிருந்த எங்கள் முன்கள ஆட்டக்காரன், இருபத்தாறே வயது, இப்போது அறுபதாவது நிமிடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

"உலகம் பூரா ஆட்டமும் குடியும் ஒண்ணாத்தான்டா இருக்கு" என்று ஒருவன் எனக்குப் பாடம் எடுத்தான். அப்படியா? 1980-ல் ஸ்காட்லாந்துக் கோப்பை இறுதிப் போட்டி முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிப் பாட்டில்களால் அடித்துக்கொண்டார்கள். அதே வருடம் சட்டம் போட்டு மைதானத்தில் மதுவைத் தடுத்தார்கள். பிரான்சு 1991-லேயே மது நிறுவனங்கள் விளையாட்டுக்குப் பணம் கொடுத்து விளம்பரம் தேடக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. கத்தார் 2022 உலகக் கோப்பை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டேடியத்தைச் சுற்றி பீர் விற்பனையை நிறுத்தியது. எங்கள் மைதானத்தில் ஒரு குப்பைத் தொட்டி வைக்கக்கூட நாதியில்லை.

குடிக்காதவன் படும் பாடு தனி. "பெரிய உத்தமன் வந்துட்டாரு" என்பார்கள். ஒருநாள் இரண்டு நாள் என்றால் சிரித்துக்கொண்டு போகலாம், வருடக்கணக்கில் என்றால்? ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதும் அடுத்த வாரம் யார் எங்கே ஆடுவது என்று முடிவு செய்வதும் குடிக்க உட்காருகிற அந்த வட்டத்தில்தான். எழுந்து போனால் அணியில் இடம் போகும். போன வருடம் வரை தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுக்காரன் ஒருவன் இப்போது அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். "ஒரு வாய்தான்டா தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று அவன் தோளில் கை போட்டவனுக்கு அதே வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

கண்ணாடி மக்காது. மழைக்காலத்தில் புல் முளைத்து மூடிவிடும், மழை மண்ணை அரித்தால் என்றோ உடைத்த சில்லு மேலே வரும், கோடையில் புல் காய்ந்து மொத்தமும் வெளியே தெரியும். பொறுக்குவதற்கு நல்ல நேரம் விடிகாலை. வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு சில்லும் மினுங்கும். நேற்றுக் காலை வாளியோடு போனேன். அந்தப் பையன் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர், அந்தப் பெனால்டி கட்டத்துக்குள் மட்டும் 43 துண்டு. அவன்தான் எண்ணினான்.

வாளி இப்போது என் வீட்டு வாசலில் இருக்கிறது. இந்த ஞாயிறு ஆட்டம் முடிந்து பை திறப்பதற்கு முன்னால், அதை அந்த வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். பக்கத்தில் அந்தப் பையனும் நிற்பான்.