கம்பத்தில் கிரீஸ் தடவாதீர்கள்

குருவிக்குத் தீனி வைக்கும் தட்டில் அணில் ஏறாமலிருக்க, "தீனித்தட்டுக் கம்பத்தில் கிரீஸ் தடவுங்க, அணில் வழுக்கிடும், குருவிக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள். சென்னை வெயிலில் கிரீஸ் இளகி வழியும். சிறகில் பட்டால் இறகுகள் கற்றையாக ஒட்டிக்கொள்ளும். குருவி அலகால் கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

அதற்குப் பதிலாக, 1 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைக் கம்பமாக நட்டு, தரையிலிருந்து 5 அடி உயரத்தில், தட்டுக்குக் கீழே, 18 அங்குல விட்டமுள்ள தகரக் கூம்பைக் கவிழ்த்து மாட்டுங்கள். கூம்புக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். கைப்பிடிச்சுவர், முருங்கைக் கிளை என அணில் தாவ உதவும் எதுவும் தட்டுக்கு 8 அடிக்குள் வரக்கூடாது. துணிக்கொடியும்தான், அதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

கம்பிக்கூண்டு போட்ட தட்டு வெளிநாட்டுப் பெரிய சாம்பல் அணிலைத் தடுக்கச் சரி. குருவி நுழைகிற ஒன்றரை அங்குலக் கம்பி இடைவெளியில் நம்மூர் வரி அணிலும் நுழைந்துவிடும்.