கொலராடோ பிளேடு ஆழமாக ஓடுமா?

ஸ்பின்னர்பெயிட் என்பது மீன் பிடிக்கப் பயன்படும் ஒரு போலி இரை (லூர்); அதன் கம்பியில் ‘பிளேடு’ எனும் உலோகத் தகடு சுழலும். ‘கொலராடோ வடிவ பிளேடு அகலமானது, கனமானது, அதனால் ஸ்பின்னர்பெயிட் ஆழத்தில் ஓடும்’ என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறு.

வட்ட வடிவமும் ஆழமான குழிவும் கொண்ட கொலராடோ, கம்பியிலிருந்து நன்றாக விரிந்து சுழலும். நீரின் எதிர்ப்பு கூடும், அது லூரை மேலே தூக்கும். வில்லோ இலை வடிவ பிளேடு கம்பியை ஒட்டியே வேகமாகச் சுழல்வதால் எதிர்ப்பு குறைவு. லூரின் தலை எடையும் ரீலைச் சுற்றி இழுக்கும் வேகமும் ஒன்றானால் வில்லோதான் ஆழத்தில் ஓடும். இண்டியானா என்ற பிளேடு வடிவம் இரண்டுக்கும் நடுவில். லைன் தளர்ந்து லூர் தானாக இறங்கும்போதும் கொலராடோ சுழன்றுகொண்டே இறக்கத்தைத் தாமதப்படுத்தும்.

குழப்பம் எங்கே வருகிறது என்று புரிகிறது. கலங்கிய நீரில் அதிர்வு வேண்டி, கொலராடோவைத் தரையை ஒட்டி மெதுவாக இழுப்பார்கள். அங்கே ஆழம் தருவது மெதுவான இழுப்பும் கனமான தலையும்தான்.

நீங்களே பார்க்கலாம். ஒற்றை பிளேடு உள்ள 3/8 அவுன்ஸ் (சுமார் 10.6 கிராம்) ஸ்பின்னர்பெயிட் ஒன்றை எடுங்கள். தெளிந்த நீரில் ஒரே தூரம் வீசி, 5 எண்ணும்வரை இறங்க விட்டு, ஒரே வேகத்தில் ரீலைச் சுற்றுங்கள். பிறகு பிளேடை மாட்டியிருக்கும் வளையத்தை (ஸ்பிளிட் ரிங்) திறந்து பிளேடை மட்டும் மாற்றி, அதையே திரும்பச் செய்யுங்கள். கொலராடோ முன்னதாகவே மேற்பரப்புக்கு வந்துவிடும்; தூண்டில் கோலின் நுனியும் கூடுதலாக வளைந்து அதிரும். ஒன்றில் கவனம்: பிளேடின் அளவு எண் ஒன்றாக இருந்தாலும் வடிவத்துக்கு வடிவம் நீளம் மாறும். எனவே எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள், பக்கத்தில் வைத்து அளவு பாருங்கள்.