குறட்டை என்று நினைத்த மூச்சு

சென்ற மாதம் ஒரு சமூக மன்ற அறையில் மூத்தோருக்கான தமிழ்ச் சுகாதார உரையை முடித்துவிட்டு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எழுபதை நெருங்கும் ஓர் அம்மா தம் பையிலிருந்து மருந்து உறை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருடைய கணவரின் புற்றுநோய் வலிக்காகக் கொடுக்கப்பட்ட ஃபென்டனில் பிளாஸ்டர்கள் அதில் இருந்தன. "முதுகு வலின்னு துடிச்சாரு தம்பி, அதான் பிளாஸ்டர் மேலேயே வெந்நீர்ப் பை வெச்சேன். அன்னைக்கு ராத்திரி அப்படி ஒரு குறட்டை. இத்தனை நாள் கழிச்சு நல்லாத் தூங்குறாரேன்னு சந்தோஷப்பட்டேன்" என்றார். விடியற்காலையில் மகள் வந்து எவ்வளவு உலுக்கியும் அவர் கண் திறக்காததால் ஆம்புலன்ஸுக்கான 995ஐ அழைத்திருக்கிறார்கள். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

பல ஆண்டுகள் மருந்து கொடுக்கும் முகப்பில் நின்றவன் என்ற முறையில் எனக்கு இது புதிய செய்தி இல்லை. ஃபென்டனில் என்பது மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியமுள்ள அபினி வகை வலி மருந்து. பிளாஸ்டரிலிருந்து தோல் வழியாக 72 மணி நேரத்துக்கு மெல்ல மெல்ல இறங்க வேண்டியது, மேலே சூடு பட்டால் வேகமாக இரத்தத்தில் கலந்துவிடும். ஆனால் அந்த அம்மாவிடம் இதைப் புரியும் மொழியில் யாரும் சொல்லியிருக்கவில்லை. மருந்து உறைக்குள் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் மட்டும் மடித்தபடியே இருந்தது.

சிங்கப்பூரில் நம்மவர்களுக்கு அபினி வகை மருந்துகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சட்டத்தின் வழியாகத் தெரிந்ததுதான் என்பது என் கருத்து. 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டமும், 1977இல் ஹெராயின் புழங்கியவர்களைத் தேடிப்பிடித்த ஃபெரெட் நடவடிக்கையும், ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாக வந்து, தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் 2006இல் தடைசெய்யப்பட்ட சுபுடெக்ஸ் மாத்திரையும் என் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அண்டை வீட்டுப் பையன் காணாமல் போனால் எங்கே போயிருப்பான் என்று கேட்காமலேயே புரிந்துகொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதை ஒப்பிக்கத் தெரிந்த நமக்கு, ஒருவருக்கு மருந்து மீறிப்போனால் அவருடைய மூச்சு எப்படி மாறும் என்பது தெரியாமல் போனது எவ்வளவு பெரிய குறை!

உரைக்கு முதலில் நாங்கள் வைத்த தலைப்பு 'போதைப்பொருள் விழிப்புணர்வு'. வந்தவர்கள் ஆறு பேர், அவர்களில் இருவர் ஏற்பாட்டாளர்கள். அந்தச் சுவரொட்டியின் முன்னால் நின்று படித்தால்கூட, நம் வீட்டில் யாருக்கோ அந்தப் பழக்கம் என்று புளோக் முழுக்கப் பேசிவிடுவார்களோ என்ற அச்சம் சிலருக்கு இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். தலைப்பை 'வலி மருந்துகளைப் பத்திரமாகப் பயன்படுத்துவது எப்படி' என்று மாற்றிய மறுமுறை அறையில் உட்கார இடமில்லை. சொன்ன செய்தி இரண்டு முறையும் ஒன்றேதான்.

டிரமடால், கோடீன், மார்ஃபின், ஃபென்டனில், ஹெராயின் ஆகிய அபினி வகை மருந்துகள் எல்லாமே, அளவு மீறினால், இரத்தத்தில் கரியமிலவாயு கூடும்போது நம்மை மூச்சிழுக்க வைக்கும் மூளைத்தண்டின் உந்துதலை மழுக்குகின்றன. மூச்சின் எண்ணிக்கை குறைகிறது, நாக்கு பின்னால் சரிகிறது, தொண்டையிலிருந்து களகளவென்றோ கரகரவென்றோ ஓசை எழுகிறது. அதைத்தான் குறட்டை என்று எண்ணிப் பலர் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். உலுக்கினாலும் எழாமை, மெதுவான அல்லது விட்டுவிட்டு வரும் மூச்சு, குண்டூசித் தலையளவு சுருங்கிய கண்மணி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது தூக்கமே அல்ல. மொழிபெயர்த்த துண்டுப்பிரசுரங்களில் 'உதடு நீலமாகும்' என்று எழுதிவிடுகிறார்கள். நம் நிறத்துக்கு அது எடுபடாது. கீழுதட்டை மடித்து உட்புறத்தையும், ஈறுகளையும், நகங்களின் அடியையும் பார்க்க வேண்டும், அவை சாம்பல் பூத்தாற்போல வெளிறியிருக்கும். தூக்க மாத்திரையோ மதுவோ உடன் சேர்ந்திருந்தால் வழக்கமான அளவு மருந்தே போதும், மூச்சு அடங்கிவிட.

அமெரிக்காவில் 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் போதைப்பொருள் மிகையளவால் இறந்தோர் 1 லட்சத்தைத் தாண்டினர். அங்கே அபினி வகை மருந்தின் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்தை மூக்கில் தெளிக்கும் குப்பியாக, 2023 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். அதன் பலன் 30 முதல் 90 நிமிடங்கள்தான் நிற்கும், அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட வேண்டும். நம் வீட்டு முதலுதவிப் பெட்டிகளில் அந்தக் குப்பி இல்லை என்பதால், நமக்குள்ள கருவி 995தான். அழைப்பை எடுப்பவர் இதய இயக்க மீட்பை (சிபிஆர்) தொலைபேசியிலேயே சொல்லித் தருவார். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, மோர், தலையில் குடம் தண்ணீர் ஆகிய நம் வழக்கமான வைத்தியங்களை அந்த நேரத்தில் மறந்துவிட வேண்டும். மயங்கியவர் வாயில் ஊற்றுவது நேரே நுரையீரலுக்குள் இறங்கலாம்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ மகன் திரும்பி வரும் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும், நேர்த்திக்கடன் பேசப்படும், பழையது எதையும் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அந்த மௌனத்தில்தான் ஆபத்து இருக்கிறது. மாதக்கணக்கில் மருந்தைத் தொடாத உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். முன்பு பழகிய அளவை ஒரே ஒரு முறை எடுத்தாலும் தாங்காது. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, வெளிவந்த முதல் 2 வாரங்களில் மிகையளவால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. போதைக்கு அடிமையானவர் என்று கருதும் நோயாளியைப் பற்றி மருத்துவர் 7 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற விதி இங்கே உண்டு, அந்த அச்சம் குடும்பங்களைத் தயங்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயக்கத்தின் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குப் பிராணவாயு இல்லாத நிமிடம் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே, அமைதியான ஒரு நாளில், சொல்லி வைக்க வேண்டும்.

அதே அச்சம் மறுபக்கமும் வெட்டுகிறது. மார்ஃபின் என்றாலே கடைசி நேரம் என்று எண்ணி, அந்திமகாலப் பராமரிப்பில் இருக்கும் தகப்பனாருக்கு மருந்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அவர் வலியில் முனகுவதைப் பார்த்து அழும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவர் குறித்த அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் அவருக்குக் கிடைக்க வேண்டிய நிவாரணம் என்பதையும் இதே உரையில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் சொல்வது எளிதன்று, நான் பலமுறை சொதப்பியிருக்கிறேன்.

அந்த அம்மாவிடம், புதியதை ஒட்டுமுன் பழையதை உரித்துவிடும்படியும், உரித்ததை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்துப் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் போடும்படியும் சொன்னேன். போன வாரம் அவர் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சுவரில் மாட்டிய தமிழ் மாத நாட்காட்டியில், ராகு காலத்துக்குப் பக்கத்தில், மூன்று நாளைக்கு ஒருமுறை சிவப்பு மையில் 'அப்பா பிளாஸ்டர்' என்று எழுதியிருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்தில், 'வெந்நீர் கூடாது'.